மரத்தை வெட்டினால் நோய் போகாது

"வௌவால் நோய் பரப்பும், அது தொங்கும் மரங்களை வெட்டிவிட்டால் பயமில்லை" என்கிறார்கள். புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்காரனாக இதை மறுக்கிறேன்.

வௌவால் வழி பரவும் நிபா வைரஸ் கற்பனையல்ல, 2018இல் கோழிக்கோடு பட்ட பாட்டை அறிவோம். ஆனால் மரம் போனால் வௌவால் மறைந்துவிடாது. பசியோடு நம் கொய்யாவுக்கும் மாவுக்கும் வரும். ஆஸ்திரேலியாவில் பல்லாண்டுத் தரவுகளை அலசி 2022இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது: காடிழந்து, இரை குறைந்த பழந்தின்னி வௌவால்கள் ஊர்ப்பக்கம் ஒதுங்கின, அவற்றிடமிருந்து ஹெண்ட்ரா வைரஸ் குதிரைகளுக்குத் தாவுவதும் கூடியது. காட்டு மரங்கள் நிறையப் பூத்த குளிர்காலங்களில் அந்தத் தாவல் நின்றது.

இங்கே 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த மரங்கள் எத்தனை! எஞ்சியதையும் கோடரிக்குக் கொடுப்பதா? வௌவாலோ ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் உயிர். கூட்டம் ஒருமுறை சிதைந்தால் எளிதில் மீளாது. இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும், ஆலின் விதைகளைத் தூவுவதும் அதுதான். பழந்தின்னி வௌவாலைத் தீங்குயிரி என்ற அட்டவணையையே 2022 திருத்தத்தில் வனவிலங்குச் சட்டம் நீக்கிவிட்டது.

வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அது தொங்கும் மரத்தை மட்டும் விட்டுவையுங்கள். நம்மைக் காப்பது நமக்கும் வௌவாலுக்கும் உள்ள இடைவெளிதான்.