சான்றிதழுக்குப் பிறகு என்ன வாசிப்பது?



ஜேர்மனியில் வாழும் என் பள்ளிச் சிநேகிதி ஒருத்தி ஒரு ஞாயிறு இரவு தொலைபேசியில் அழுதாள். மருத்துவக் காப்புறுதி நிதியத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். ஒன்பது வயது மகன் உறையைக் கிழித்து வாசித்துக் காட்டியிருக்கிறான். "அம்மா, கெபேர்முட்டர் எண்டு போட்டிருக்கு. அது அம்மாவோ?" என்று கேட்டானாம். அந்தச் சொல்லுக்குக் கருப்பை என்பது பொருள். முட்டர் என்றால் தாய். பிள்ளை தனக்குத் தெரிந்த பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"எனக்கு வெக்கமாப் போச்சுதடி. பறிச்சு லாச்சிக்குள்ள வச்சிட்டன்" என்றாள்.

ஜேர்மனியில் 2020 முதல், 20 தொடக்கம் 65 வயது வரையான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை காப்புறுதி நிதியங்கள் இப்படியொரு கடிதம் அனுப்புகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைக்கான அழைப்பு அது. லாச்சிக்குள் போனது அதுதான்.

இவள் டொச் மொழி படிக்காதவள் என்று நினைக்க வேண்டாம். கணவனிடம் போகும் மனைவி அடிப்படை ஜேர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று 2007இல் அந்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஆகவே கொழும்பில் விடுதியில் தங்கி ஏ1 பரீட்சை எழுதித்தான் விசா பெற்றாள். அங்கு போய் 600 மணித்தியால வகுப்பு முடித்து, இடைநிலையான பி1 சான்றிதழும் எடுத்தாள். பிறகு பிள்ளை, வீடு, துப்புரவு வேலை. சான்றிதழ் அலுமாரிக்குள் இருக்கிறது. மொழி மெல்ல மெல்லக் கழன்று போகிறது.

வாசிக்க முயன்றிருக்கிறாள். நூலகத்தில் கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளை எடுத்திருக்கிறாள். பிள்ளைகளின் கதை என்றால் இலகு என்று எல்லோரும் எண்ணுகிறோம். 1812இல் முதன்முதல் அச்சான கதைகள் அவை. இன்று கடையில் கேட்காத பழஞ்சொற்கள் அவற்றில் நிறைய. போதாததற்கு, இறந்தகாலத்துக்குப் பேச்சில் ஒரு வடிவமும் கதைப் புத்தகத்தில் வேறொரு வடிவமும் வரும் மொழி அது. நான்கு பக்கத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் அவளைச் சிரிக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மாக்ஸ் வெபரை மூலமொழியில் வாசிக்கும் ஆசையில் நானும் பி1 வரை படித்தவள். வெபரின் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும். முதற் பக்கத்துக்கு ஒரு வாரம் சென்றது; இரண்டாம் பக்கத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

உதவியின்றி ஒரு பக்கத்தை விளங்கி வாசிக்க, நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பாடப்புத்தகம் அந்த அளவுக்குள் நிற்கும், நாளிதழ் நிற்காது. இடைநிலையில் இருப்பவர் தவித்துப்போவது இந்த இடைவெளியில்தான்.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: உனக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்ததை வாசி. சமைப்பவளுக்குச் சமையற் குறிப்பு பாதி விளங்கிவிடும். மருந்துக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் 'அப்போதேக்கன் உம்ஷாவ்' சஞ்சிகையில் நீரிழிவு, முதுகுவலி, பிள்ளைகளின் காய்ச்சல் என்று நம் வீட்டுக் கதைகளே இருக்கும். டொய்ச்ச வெல்ல வானொலி மெதுவாக வாசிக்கும் செய்தியை எழுத்திலும் தருகிறது. காதும் கண்ணும் ஒன்றாகப் போகலாம். டொய்ச்லண்ட்ஃபுங்க் வானொலி எளிய மொழியில் செய்திகள் வெளியிடுகிறது. இவை இரண்டும் இணையத்தில் இலவசம். காசு கொடுக்கலாமென்றால் 'டொய்ச் பெர்ஃபெக்ட்' என்ற மொழி கற்போருக்கான சஞ்சிகை உண்டு. கட்டுரைகளை இலகு, நடுத்தரம், கடினம் என்று பிரித்தே போடுகிறார்கள். நாவலுக்கு அவசரப்பட வேண்டாம்.

அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் தூக்கக் கூடாது. 'டெர் ரேகன் ஹேர்ட் பால்ட் அவுஃப்' என்றால் மழை விரைவில் நிற்கும் என்று பொருள். 'ஹேர்ட்' என்பதை மட்டும் அகராதியில் தேடினால் மழை கேட்கிறது என்றாகிவிடும். வினைச்சொல்லின் மற்றப் பாதி கடைசியில் 'அவுஃப்' என்று போய் நிற்கிறது. முற்றுப்புள்ளி வரை போனபின்தான் அகராதி.

தமிழ் வாசகிக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. 'ஏனென்றால்' என்று தொடரும் டொச் வாக்கியத்தில் வினை நம்மைப் போலவே கடைசியில் வரும். ஆங்கிலம் பேசுவோர் திணறும் இடம் இது. நீண்ட சொற்களையும் நம்மைப் போலத்தான் கோக்கிறார்கள். கெபேர்முட்டர்ஹால்ஸ் என்று கடிதத்தில் இருந்த சொல்லைத் துண்டாக்கச் சொன்னேன். ஹால்ஸ் என்றால் கழுத்து என்பது அவளுக்குத் தெரியும். "கருப்பைக் கழுத்து! எங்கட தமிழிலயும் அப்பிடித்தானேடி!" என்றாள். அன்றிரவே லாச்சியைத் திறந்து, கடிதத்தோடு வந்த சிறு கைநூலை அவளே வாசிக்கத் தொடங்கினாள். ஆறு நாட்கள் எடுத்ததாம்.

பிள்ளைகள் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராவது புலம்பெயர்ந்த வீடுகளில் சாதாரணம். அந்தப் பிள்ளைகளில் தவறு இல்லை. ஆனால் மகன் முன்னால் கேட்க முடியாத கேள்வியை ஒரு தாய் வைத்தியரிடமும் கேட்காமலே விட்டுவிடுகிறாள். வாசிக்கப் பழகுவது பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்கும் கணவன்மாருக்கும் இதை யாராவது சொன்னால் நல்லது.

பரிசோதனைக்குத் தனியே போய் வந்தாள். சில வாரங்களில் வைத்தியரின் கடிதம் வந்தது. இந்த முறை உறையைக் கிழித்ததும் அவள்தான். ஒரு சொல் மட்டும் புரியவில்லை என்று என்னை அழைத்தாள்: 'உன்அவுஃபெலிஷ்'. "உன் எண்டால் இல்லை. மிச்சம் என்னடி?" கண்ணில் படும்படியாக எதுவும் இல்லை என்று சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதினாள்.