சான்றிதழ் இருக்கு... கை பழகியிருக்கா?

நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நாலு நாள் தங்கியவர்கள் இந்த அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். “கோட் ப்ளூ... கோட் ப்ளூ... மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு!” அடுத்த நொடி டாக்டரும் சிஸ்டர்களும் ஓடுவார்கள். யாருக்கோ இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஓடுகிறார்கள், சரி. போய்ச் சேர்ந்த பிறகு?

எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறார். தனியார் மருத்துவமனையில் பதினைந்து வருட அனுபவம். சில மாதங்களுக்கு முன் அங்கே சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஒத்திகை வைத்திருக்கிறார்கள். காலிக் கட்டிலில் பயிற்சி பொம்மையைப் படுக்கவைத்து, ‘நாடித்துடிப்பு இல்லை, ஆரம்பியுங்கள்’ என்றார்களாம்.

“கை வெச்ச இடம் சரிதான்க்கா. ஆனா, அழுத்தம் பத்தலைன்னு பொம்மையில சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எமர்ஜென்சி டிராலியை இழுத்துட்டு வந்தா, பூட்டியிருக்கு. சாவி, சாப்பிடப் போன சிஸ்டர்கிட்ட. எங்க எல்லார்கிட்டயும் சான்றிதழ் இருக்கு. படுத்திருந்தது பொம்மைங்கிறதால தப்பிச்சோம்” என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

மாரடைப்பு வேறு, கார்டியாக் அரெஸ்ட் வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். கார்டியாக் அரெஸ்ட்டில் இதயம் ரத்தத்தை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். அதுவரை இதயத்தின் வேலையை, பக்கத்தில் இருப்பவரின் இரண்டு கைகள்தான் செய்ய வேண்டும்.

நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழமாவது இறங்க வேண்டும். 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ இடம் தர வேண்டும். கெட்டியான தலையணையில் இந்த வேகத்தில் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள்.

இதைக் கற்றுத்தரும் பயிற்சிக்கு அமெரிக்க இதய சங்கம் தரும் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் கற்ற திறன், சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. லைசென்ஸ் வாங்கிய கையோடு ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து மலைப்பாதையில் ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஐ.சி.யூ-வில் இருப்பவர்களுக்காவது இது அடிக்கடி நேர்வதால் கை பழகியிருக்கும். சாதாரண வார்டில் எப்போதாவதுதான் நடக்கும். ஆனால், இரவு இரண்டு மணிக்கு அங்கே தனியாக நிற்பது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ். ‘டாக்டர் வரட்டும்’ என்று அவர் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை என்பதைப் பயிற்சியில் முதல் பாடமாகச் சொல்ல வேண்டும்.

இதற்குத் தீர்வு பெரிய செலவும் அல்ல. இரண்டு வருடத்துக்கு ஒரு முழுநாள் வகுப்போடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் பொம்மையில் பயிற்சி. டிராலிக்குச் சாவிப் பூட்டுக்குப் பதில், கையால் இழுத்தாலே அறுந்துவிடும் பிளாஸ்டிக் சீல். மருந்தும் ஷாக் கொடுக்கும் கருவியும் தயாரா என்று தினமும் ஒரு சரிபார்ப்பு. வார்டு பாய், செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர் என எல்லோருக்கும் பயிற்சி. இதயம், ஓ.பி வரிசையில் நிற்கும்போதும் நிற்கலாம் அல்லவா?

எல்லாம் சரியாகச் செய்தாலும் எல்லோரையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. அமெரிக்க மருத்துவமனைகளிலேயே இப்படி இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். ஆனால், அந்த ஒருவர் நம் அம்மாவாக இருக்கலாமே!

எனவே, அடுத்தமுறை யாரையாவது அட்மிட் செய்யும்போது அறை வாடகையோடு இதையும் பணிவாகக் கேளுங்கள்: “இந்த வார்டில் கடைசியாக எப்போது கோட் ப்ளூ ஒத்திகை நடந்தது?” அறிவிப்பு கேட்டால் கூட்டம் கூடாமல், வராண்டாவையும் லிஃப்ட்டையும் காலி செய்து வழிவிடுங்கள்.

எங்கள் தெரு நர்ஸை நேற்று பார்த்தேன். டிராலிக்கு இப்போது பிளாஸ்டிக் சீல்தானாம். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் பொம்மையில் பயிற்சியும் நடக்கிறதாம்.

“பச்சை விளக்கு எரியுதுக்கா... ஆனா, ரெண்டு வாரம் விட்டா மறுபடி சிவப்புதான்” என்றார்.