கெரசினில்தான் பறக்குது சார்!

சண்டிகரில் எங்க வீட்டு மொட்டை மாடிக்கு மேலே ஏஎன்-32 போகும்போதெல்லாம் பையனுக்கு ஒரு கேள்வி வரும். போன வாரம் கேட்டது: "அப்பா, இதுக்குப் பெட்ரோல் போடுவாங்களா?"

"இல்லடா, ஏறக்குறைய நம்ம பாட்டி வீட்டு ஸ்டவ்வுக்கு ஊத்தின மண்ணெண்ணெய்தான்" என்றேன். நம்பவில்லை. பெரியவர்களே நம்புவதில்லை!

1951-ல் அமெரிக்க விமானப்படை கொண்டுவந்த ஜேபி-4, பாதி பெட்ரோல், பாதி மண்ணெண்ணெய் மாதிரியான கலவை. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து நிறைய எடுக்கலாம், போர்க்காலத்தில் தட்டுப்பாடு வராது என்பது கணக்கு. கடுங்குளிரிலும் எஞ்சின் சட்டென்று கிளம்பும். ஆனால் மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். வியட்நாமில் குண்டு பட்ட விமானங்கள் எரிந்தபோதுதான் இதன் விலை தெரிந்தது.

கப்பற்படை அப்போதே உஷார். விமானந்தாங்கிக் கப்பலுக்குள் தீ என்றால் ஓட இடமில்லையே! 1952-லேயே ஜேபி-5 கொண்டுவந்தார்கள். 60 டிகிரிக்குக் கீழே அதன் ஆவி பற்றாது.

விமானப்படை மாறியது ஜேபி-8-க்கு. பயணிகள் விமானத்தில் ஊற்றும் ஜெட் ஏ-1-தான் இது. கூடவே பனிக்கட்டி, துரு, நிலைமின்சாரம் இவற்றைத் தடுக்கும் மருந்துகள். 38 டிகிரி வரை பற்றாது, மைனஸ் 47 வரை உறையாது. 1970களின் இறுதியில் ஆரம்பித்த மாற்றம் 1990களின் நடுவில்தான் முடிந்தது. தெரிந்த ஆபத்தை நீக்க இத்தனை வருஷமா?

இதற்கெல்லாம் அண்ணன் எஸ்ஆர்-71-ன் ஜேபி-7. லேசில் பற்றாது. பம்ப் ஸ்டவ்வை ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்குவோமே, அந்த மாதிரி, காற்றுப் பட்டதும் தானே எரியும் ட்ரை எத்தில் போரேனைப் பீய்ச்சித்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். டேராடூன் ஐஐபி விஞ்ஞானிகள் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து உயிரி ஜெட் எரிபொருள் தயாரித்தார்கள். 2018 டிசம்பரில் இதே சண்டிகரில் 10 சதவீதம் கலந்து ஏஎன்-32 பறந்தது. 2019 குடியரசு தின அணிவகுப்பிலும் பறந்தது. 2020 ஜனவரியில், 10,000 அடிக்கு மேலே இருக்கும் லே குளிரிலும் சோதித்தார்கள்.

"வெறும் 10 சதவீதம்தானா?" என்று என் அலுவலக நண்பர் கிண்டலடித்தார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. புது எரிபொருள் உறையுமா, பம்பைத் தேய்க்குமா, ரப்பர் சீலைக் கெடுக்குமா என்பதெல்லாம் தரையிலேயே தெரிய வேண்டிய விஷயம். மேலே போன பிறகு தெரிந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்க முடியாது.

என் கட்சி இதுதான்: புதுசை மெதுவாகக் கொண்டு வாங்க, ஆபத்தானதைச் சீக்கிரம் தூக்குங்க. ஜேபி-4 விஷயத்தில் நடந்தது தலைகீழ்.

பீப்பாய்க்கு எவ்வளவு கிடைக்கும் என்பது இரண்டாவது கேள்விதான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் வீடு திரும்புவாரா என்பதே முதல் கேள்வி. நீங்க என்ன சொல்றீங்க?