உர மூட்டையில் அடங்கிய மின்சாரம்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் உளது. ஆயினும் நெல் முதலிய பயிர்கள் அதனை நேரே உட்கொள்ள இயலாது. ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கிய பின்னரே அதனை உரமாகச் செய்தல் கூடும். இன்று நம் நாட்டில் அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. அவ்வாயுவில் கணிசமான பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. அது வெளியிடும் கரியமில வாயுவும் மிகுதி. ஆகவே, தண்ணீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜன் பெறும் முறையை ஊக்குவிக்க, மத்திய அரசு 2023ஆம் ஆண்டு ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது.

இம்முறை நமக்குப் புதியதன்று. பக்ரா-நங்கல் திட்டத்தின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பகுத்து உரம் செய்த தொழிற்சாலை, பஞ்சாபிலுள்ள நங்கலில் 1961இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் வயல்களும் நகரங்களும் மேன்மேலும் மின்சாரம் வேண்டவே, தொழிற்சாலைக்குப் பற்றாக்குறை நேர்ந்தது. 1978இல் எரியெண்ணெயை மூலப்பொருளாகக் கொண்ட புதிய பிரிவு அங்கே எழுந்தது. இரசாயனம் தோற்கவில்லை, மின்சாரத்திற்கு ஏற்பட்ட போட்டியே அம்முறையைப் பின்தள்ளியது.

அப்போட்டி இன்றும் தீர்ந்தபாடில்லை. பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்திருப்பது உண்மையே. ஆயினும் கதிரவன் இரவில் ஒளிர்வதில்லை. பெங்களூருக்குக் காவிரி நீரை மேலேற்றுவதற்கும் மின்சாரமே வேண்டும். எனவே புதிய ஆலைகளுக்கென மின்சாரத்தைத் தனியே ஒதுக்குதல் இன்றியமையாதது. அதனினும் முக்கியமானது, உற்பத்தியாகும் உரத்தை வீணாக்காமை.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ நைட்ரஜன் உண்டு. அதற்குச் சுமார் 25 கிலோ அம்மோனியா தேவை. மின்பகுப்பு முறையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 10 யூனிட் செலவாகும். ஆக, மூட்டை ஒன்றுக்கு 250 யூனிட்! மாதம் 100 யூனிட் செலவிடும் குடும்பத்திற்கு இது இரண்டரை மாத மின்சாரம். நீர் தேங்கிய நெல்வயலில் இடும் நைட்ரஜனிலோ பாதிக்கு மேல் பயிருக்குச் சேராமல் போவது சாதாரணம்.

ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே போடச் செய்யலாம். களப்பணியாளர்கள் மண் பரிசோதனை, இலை வண்ண அட்டை, பருவமறிந்து பகிர்ந்திடுதல், பசுந்தாள் உரம் ஆகியவற்றை உழவர்களுக்கு இடைவிடாது வலியுறுத்துதல் வேண்டும். புதிய ஆலை எழுவதற்குப் பல்லாண்டு ஆகலாம். சிக்கனத்தையோ இப்பருவத்திலேயே தொடங்கலாம்.