பாடசாலை வாசலில் முப்பது



வன்னியில் பிள்ளை வளர்த்த எவருக்கும் மிதிவெடிப் பலகையை விளக்கத் தேவையில்லை. மண்டையோடு கீறிய அந்தச் சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது என்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. மீள்குடியேறிய காலத்தில் பாடசாலைகளில் அதற்கென்றே வகுப்பு எடுத்தார்கள், ஊர்களில் தெருவெளி நாடகம் போட்டார்கள். ஆனால் பிள்ளைக்குப் புத்தி சொன்னதோடு எவரும் நிற்கவில்லை. யுனிசெப், கல்வி அதிகாரிகள், மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் அமைப்புகள் என்று பல கைகள் சேர்ந்தன. எங்கள் ஊர்ப் பெண்களே முகக்கவசம் போட்டு, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறினார்கள். விறகெடுக்கப் போனவர் கண்டதைக் கிராம அலுவலரிடம் சொன்னார், அவர் மேலே அறிவித்தார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. என்றாலும் பிள்ளையொன்று மிதிவெடியில் கால் இழந்தது என்ற செய்தி இன்று அரிது.

வீதிக்கு மட்டும் நாம் ஏன் அப்படிக் கூடவில்லை?

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, அது எப்போது திறக்கும் என்று ஏங்கிக் கிடந்தவர்கள் நாம். திறந்தது, காப்பெற்றும் விழுந்தது. யாழ்ப்பாணமும் கொழும்பும் கிட்டவாயின. ஆனால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று அந்த வீதி பாடசாலைகளையும் சந்தைகளையும் ஒட்டித்தான் ஓடுகிறது. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும் அப்படியே. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடப்போகும் பஸ்ஸும், அரை மைல் போகவேண்டிய பிள்ளையின் சைக்கிளும் ஒரே தாரில்.

காலை ஏழு மணி கழிந்தபின் ஏ9 ஓரப் பாடசாலை ஒன்றின் வாசலில் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் தகப்பன், முன்னால் தாங்கியில் சின்னவன், பின்னால் இரண்டு பேர். ஹெல்மெட் தகப்பனின் தலையில் மட்டும். அக்காவின் சைக்கிளை ஓட்டி வரும் தங்கைக்குப் பெடலில் கால் முழுதாக எட்டவில்லை; இருக்கையில் இருந்து இறங்கி ஏறி மிதிக்கிறாள். மஞ்சள் கடவையின் மஞ்சள் தேய்ந்து போயிருக்கிறது. தனியார் பஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் ஒன்றையொன்று முந்தி வந்து கடவைக்கு மேலேயே பிள்ளைகளை இறக்குகின்றன. அந்த பஸ்ஸுக்குப் பின்னால் மணல் ரிப்பர் வருவது இறங்கிய பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை நிற்பது ரிப்பர் சாரதிக்கும் தெரியாது.

"பார்த்துப் போ" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். எட்டு வயதுப் பிள்ளையால் வருகிற வாகனத்தின் வேகத்தைச் சரியாக மட்டிட முடியாது. அது பிள்ளையின் குற்றமல்ல, வயது. கணக்கு இதுதான்: மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், சாரதி ஆபத்தைக் கண்டதிலிருந்து ஏறத்தாழ 13 மீற்றருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீற்றர் என்றால் அதே 13 மீற்றர் கடக்கும்போதுதான் சாரதியின் கால் பிரேக்கைத் தொட்டிருக்கும். பிள்ளையின் உயிர் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையானோரை உலகில் அதிகம் கொல்வது நோயல்ல, வீதி விபத்து.

ஆகவே பாடசாலை வாசலில் வேகத்தை முப்பதாகக் குறைக்க வேண்டும். யார் குறைப்பது? ஏ9, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள்ளே திரும்பும் வீதி மாகாணத் திணைக்களத்தின் கையில், ஒழுங்கை பிரதேச சபையின் கையில். வேகமீறலைப் பிடிப்பது பொலிஸ். பாடசாலை விடும் நேரம் கல்வி வலயத்தின் தீர்மானம். எந்த வளைவில் அடிபட்ட பிள்ளைகள் கூடுதலாக வருகிறார்கள் என்பது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தெரியும். வீதிப் பொறியியலாளருக்கு அதை யார் சொல்வது? 2018 முதல், 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் வடக்கிலும் ஓடுகிறது, பெரிய ஆறுதல். ஆனால் கடுமையான தலைக்காயம் என்றால் யாழ்ப்பாணம் போக வேண்டும். கிளிநொச்சியிலிருந்தே அறுபது கிலோமீற்றருக்கு மேல், முல்லைத்தீவிலிருந்து இன்னும் தூரம்.

காசில்லை என்பார்கள். தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரம் எம்மைவிட வசதியானதல்ல. அங்கே அமெண்ட் என்ற அமைப்பு பாடசாலைகளோடும் உள்ளூர் அதிகாரிகளோடும் சேர்ந்து வேகத்தடை, நடைபாதை, கடவை, அறிவிப்புப் பலகை போட்டது. சில இடங்களில் பெருவீதியைப் பார்த்த வாசலை மூடிப் பக்கத்து ஒழுங்கைப் பக்கம் வாசல் வைத்தார்கள். காயப்படும் பிள்ளைகளின் தொகை கால்பங்கு குறைந்தது. 2019 இல் அந்தத் திட்டத்துக்கு உலகப் பரிசும் கிடைத்தது. மாகாணப் பாடசாலைகளில் வாசலை மாற்றக் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதிபரும் அபிவிருத்திச் சங்கமும் வலயமும் ஒரு மேசையில் இருந்தால் போதும்.

வெளிநாட்டிலிருக்கும் மாமா, சித்தப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். சாதாரண தரம் எழுதி முடித்த கையோடு பெடியனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்புகிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. அதற்கு முதல் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளின் தலைக்கு அளவான ஹெல்மெட் வாங்கக் கொடுங்கள். ஹெல்மெட் போட்டால் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயம் படும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்பது ஆய்வுகள் கண்ட முடிவு.

இனி எங்கள் பங்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களே, மாதர் சங்கங்களே, உங்கள் பாடசாலை வாசலை ஒரு தாளில் கீறி அனுப்புங்கள்: பஸ் எங்கே நிற்கிறது, கடவை எங்கே, எந்த மதகடியில் பிள்ளைகள் விழுகிறார்கள், இரவில் மாடு எங்கே படுக்கிறது, நெல் எங்கே காயப்போடுகிறார்கள். கையால் கீறியது போதும். அடுத்த இதழிலிருந்து அவற்றை இந்தப் பக்கத்தில் போடுவோம். பிரதிகளை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கும் அனுப்புவோம். எந்த வாசலில் வேலை நடந்தது, எதில் நடக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்