முப்பதாவது மணி நேரம்

எம்.டி., எம்.எஸ். படிப்புக்குப் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ இடம் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் பாயசம் வைக்கிறோம். ஆறு மாதம் கழித்து அவர்களிடம் டெலிபோனில் பேசிய தாய்மார்களை நேயர்கள் விசாரித்துப் பார்க்கவேண்டும். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால், எந்த வேளைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் அம்மா என்பதே குழந்தைக்கு விளங்குவதில்லை!

இந்தப் பயிற்சி டாக்டர்களுக்கு 'ரெசிடெண்ட்' என்று பெயர். ஆஸ்பத்திரியிலேயே குடியிருப்பவர் என்று பொருள். 1889-ல் திறந்த அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் சஸ்திர சிகிச்சைக்கு இம்முறையை வகுத்தவர் ஹால்ஸ்டெட் என்னும் நிபுணர். அவர் கோகெயினுக்கும் பின்னர் மார்பினுக்கும் அடிமைப்பட்டிருந்தார் என்பதும் சரித்திரம். மனித தேகம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அவர் ஏற்ற அளவுகோல்தானா என்று கேட்பது அபசாரமாகாதென்று நம்புகிறோம்.

அந்த நாட்டிலேயே, 1984 மார்ச்சு மாதத்தில், நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லிபி ஜயான் என்ற பதினெட்டு வயதுப் பெண் இரவில் சேர்க்கப்பட்டு மறுநாள் காலையில் இறந்துபோனாள். இரவு முழுதும் அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி டாக்டர்கள்; அவர்களுக்கு வேறு நோயாளிகளும் அநேகம். பத்திரிகையாளரான தகப்பனார் சும்மா இருக்கவில்லை. 1989-ல் அந்த ராஜ்யம், வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்தாற்போல் 24 மணி என்று வரம்பு கட்டியது. 2003-ல் 80 மணி வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

நம் தேசம் பின்தங்கியிருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1992-லேயே மத்திய சுகாதார இலாகா, சாதாரணமாக நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் சுகமாக இருந்தது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி செய்தது. அதில் 'நியாயமான வேலை நேரம்' என்றிருக்கிறதே தவிர, எண்ணைக் காணோம். 2024-ல் அதே ஆணையம் நியமித்த குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேற்படலாகாது என்று சிபாரிசு செய்தது. முப்பத்திரண்டு வருஷங்களில் 48 வளர்ந்து 74 ஆகியிருக்கிறது! குழுவினரை நாம் குறை சொல்லவில்லை. 74 மணியே சலுகையாகத் தோன்றும்படி நடைமுறை இருக்கிறது. அவர்களுடைய விசாரணைக்குப் பதில் எழுதிய மேற்படிப்பு மாணவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர், தற்கொலை எண்ணம் தங்களுக்கு வந்ததுண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 31!

படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பலாம் என்றால், பல ராஜ்யங்களில் இடத்தைக் காலி செய்ததற்கு லட்சக்கணக்கில் அபராதம் கட்டவேண்டும். இதை நீக்கும்படி ஆணையமே 2024-ல் ராஜ்யங்களைக் கேட்டுக்கொண்டது.

"நாங்களும் இப்படித்தான் பட்டோம், பட்டதால்தான் கற்றோம்" என்கிறார்கள் பெரிய டாக்டர்கள். அவர்கள் பட்டது மெய். நோயாளியை அடிக்கடி கை மாற்றினால் விவரம் தவறிப்போகும் என்று அவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. ஆனால் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு வேலை நேர வரம்பு வைத்திருக்கிறோம். முப்பதாவது மணி நேரத்தில் கண் செருகி நிற்கும் பெண்ணிடம், நம் தகப்பனாருக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து என்று கணக்குப் போடச் சொல்கிறோம். அவள் கணக்கில் பிசகினால் தண்டனை அவளுக்கு. வேலைப் பட்டியல் எழுதியவருக்கு இல்லை.

ஒவ்வொரு வார்டு வாசலிலும் அந்தப் பட்டியலை ஒட்டட்டும். யார் எப்போது வேலையில் ஏறினார், எப்போது இறங்கினார் என்று நோயாளியின் வீட்டாரும் படிக்கட்டும். வரம்பு மீறினால் புகாரை விசாரிப்பவர், பட்டியல் எழுதிய துறைத் தலைவராக இல்லாமல் வேறொருவராக இருக்கட்டும்.