ஊரே ஒரு லாட்ஜ்!

உங்களுக்குச் சொந்தமாக ஒரு லாட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வைத்துக்கொள்ளத்தானே சொல்கிறேன், காசா பணமா!) அந்த ஊரில் தரைக்கடியில் வெந்நீர் ஊறுகிறது. விறகு வேண்டாம், கரண்ட் வேண்டாம், கீஸர் வேண்டாம். அதில் குளிப்பதற்கென்றே ஜனங்கள் ரயிலேறி வருகிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே விடை, கொல்லைப்புறத்தில் போர் போட்டு, பளிங்குத் தொட்டி கட்டி, 'வேறெங்கும் கிளைகள் இல்லை' என்று வாசலில் போர்டு மாட்டுவது. வந்த கஸ்டமர் வாசப்படி தாண்டக் கூடாது. குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாக் காசும் நம்ம கல்லாவுக்கே.

ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் 1927-ல் ஒரு விடுதிக்காரர் இதே கணக்கைத்தான் போட்டார். ஊரே திரண்டு எதிர்த்தது. விவகாரம் கோர்ட் படியேறியது. சமரசமானது எப்போது தெரியுமா? 1950-ல்! இடையில் ஒரு உலக யுத்தமே வந்து முடிந்துவிட்டது, ஸார். இவர்கள் வெந்நீர்ச் சண்டை மட்டும் ஆறவில்லை.

அந்த ஊரைப் பார்த்தே தீரவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஏப்ரல் முதல் வாரத்தில் போனேன். செர்ரி பூக்கும் சீஸன்.

ஊர் பெயர் கினோசாகி. ஹ்யோகோ மாநிலத்தில், ஜப்பான் கடல் பக்கம். ஒசாகாவில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரயிலின் பெயர் 'கோனோதோரி'. நாரை என்று அர்த்தம். (நாரைக்கு இந்த ஊரில் தனி மரியாதை உண்டு. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.) வழியெல்லாம் வயல், மலை, ஓட்டு வீடு. டோக்கியோவின் நியான் விளக்கெல்லாம் சினிமாவில் பார்த்ததோடு சரி என்று ஆகிவிடும்.

விடுதியில் முதலாளியம்மா முழங்கால் போட்டு வரவேற்றார். ஜப்பானிய விடுதிகளில் இவரை 'ஒக்காமி' என்கிறார்கள். செல்போனைத் தட்டி ஏதோ பேசினார். மொழிபெயர்ப்பு வந்தது.

"எங்கள் குளியலறை சின்னது. தயவுசெய்து வெளியே போய்க் குளியுங்கள்."

காசு கொடுத்துத் தங்க வந்தவனை 'வெளியே போ' என்று கும்பிட்டுச் சொல்லும் லாட்ஜ்! கையில் ஒரு பாஸும் கொடுத்தார். ஊரில் உள்ள பொதுக்குளியல் எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் இலவசமாக நுழையலாம். ராத்திரி தங்குகிறவர்கள் எல்லோருக்கும் இது உண்டு.

ஊர்க்காரர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இங்கே ஊர் முழுக்க ஒரே லாட்ஜாம். ரயில்வே ஸ்டேஷன்தான் வாசல். தெருதான் வராந்தா. ஒவ்வொரு விடுதியும் ஒரு ரூம். பொதுக்குளியல்கள்தான் பாத்ரூம். பாத்ரூமுக்குப் போக வராந்தாவில் நடக்காமல் முடியுமா?

அந்த வராந்தாவில் நடந்து பார்க்க வேண்டும். நடுவில் ஓதானி என்று ஒரு சிற்றாறு. அதன் குறுக்கே முதுகு வளைந்த கல்பாலங்கள். கரையோரம் அலரி மரங்கள் தலைமுடியை விரித்துப்போட்டு நிற்கின்றன. கொஞ்சம் மேலே போனால் கியாமாச்சித் தெரு. இரண்டு கரையிலும் செர்ரி. இலை ஒன்றுகூடத் தெரியாமல் பூ. இலேசாகக் காற்றடித்தால் இதழ் உதிர்ந்து ஆற்றில் மிதந்து போகிறது. ராத்திரி விளக்குப் போட்டு வேறு காட்டுகிறார்கள். இத்தனை ஜோரும் ஏதோ பத்து நாளைக்குத்தான். அப்புறம் சாதா மரம். பத்து நாள் கெத்துக்காக வருஷம் பூராவும் மரம் வளர்க்கிறார்களே என்று நம் கணக்குப்பிள்ளை மூளை கேட்கும். கேட்கட்டும்.

எதிரே வருகிற எல்லோரும் யுகாதா போட்டிருக்கிறார்கள். பருத்தியில் தைத்த அங்கி, விடுதியே கொடுப்பது. விடுதிக்கு விடுதி டிசைன் வேறு. காலில் மரக்கட்டைச் செருப்பு. அதில் விடுதியின் பெயர். டிசைனைப் பார்த்தே 'இது இன்ன இடத்து விருந்தாளி' என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். ஒரே ஒரு சட்டம், இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும். மாற்றிக் கட்டினால் அது இறந்தவர்களுக்கு உடுத்துகிற முறை. குளிக்கப் போகிற நேரத்தில் எதற்கு அபசகுனம்?

ஊரில் மொத்தம் ஏழு பொதுக்குளியல். வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு லீவு நாள், அதுவும் வேறு வேறு கிழமையில். எல்லோருக்கும் ஞாயிறு லீவு என்ற நம் ஆபீஸ் ஞானம் இங்கே செல்லாது. நான் முதலில் நுழைந்தது இச்சி-நோ-யு. பாறையைக் குடைந்த மாதிரி உள்ளே ஒரு குகைத் தொட்டி. இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியர் இந்த ஊற்றுதான் நாட்டிலேயே நம்பர் ஒன் என்று எழுதி வைத்தாராம். பெயருக்கு அர்த்தமே அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியப் பொதுக்குளியலில் துணி கிடையாது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆனால் துணி கிடையாது. டவுசர், கோவணம், டர்க்கி டவல் எதுவும் நடக்காது. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு ஒன்று. அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். மானத்தைக் காக்கக் கொடுத்த துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு தனித் தத்துவம்! முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு அழுக்கெல்லாம் போக்கிக்கொண்டு, அப்புறம்தான் தொட்டியில் இறங்கலாம். சூடு முதலில் 'ஐயோ' என்று இருக்கும். இரண்டாவது நிமிஷம் 'அப்பாடா'.

எனக்கு எதிரே நாலு பேர் கழுத்தளவு தண்ணீரில். ஒருவருக்கு எழுபது வயது இருக்கும். மற்றவர்கள் ஒரே ஆபீஸ்போல, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதில் யார் மேனேஜர், யார் குமாஸ்தா? சத்தியமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. டை இல்லை, வாட்ச் இல்லை, சுழல் நாற்காலி இல்லை. எல்லோர் தலையிலும் அதே வெள்ளைத் துண்டு. 'நிர்வாணத் தோழமை' என்று பொருள்படும் ஒரு சொல்லே ஜப்பானிய மொழியில் உண்டு. பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல குளியலிடங்கள் உள்ளே விடுவதில்லை. கினோசாகி விடுகிறது. ஊர்க்காரரும் இங்கேதான், வெளியூர்க்காரரும் இங்கேதான்.

மறுநாள் காலை கோயில். மலைச்சரிவில் இருக்கிறது ஒன்சென்ஜி. பெயருக்கு 'வெந்நீர்க் கோயில்' என்றே அர்த்தம். 717-ல் டோச்சி என்ற துறவி இங்கே வந்து, நோயாளிகளுக்காக ஆயிரம் நாள் மந்திரம் ஜபித்தார். ஆயிரமாவது நாள் வெந்நீர் பீறிட்டது என்பது ஐதீகம். அது பீறிட்ட இடம் இன்று மந்தாரா-யு என்ற பொதுக்குளியல். கோயிலின் வருஷம் 738. இப்போதுள்ள மூல மண்டபம் 14-ம் நூற்றாண்டு மரவேலை. உள்ளே பதினோரு முகம் கொண்ட கன்னோன். நம் அவலோகிதேஸ்வரர்தான், கடல் தாண்டிப் போய்க் கன்னோன் ஆகிவிட்டார். 33 வருஷத்துக்கு ஒரு தடவைதான் திரை விலகும். விலகினால் மூன்று வருஷம் தரிசனம். கடைசியாக 2018-ல் திறந்தார்கள். ரோப் கார் இருக்கிறது. நான் கல்படி ஏறினேன். ஓசியில் குளித்தவன் கொஞ்சம் வேர்க்க வேண்டாமா?

அந்தக் காலத்தில் ஊருக்கு வந்ததும் நேரே குளிக்கப் போய்விட முடியாது. முதலில் கோயிலுக்குப் போய் வணங்கி, ஒரு அகப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அகப்பையோடு போனால்தான் குளியல். அதாவது, தண்ணீர் விடுதிக்காரன் கொடுத்தது இல்லை, மேலே இருந்து வந்தது என்று முதலிலேயே புரியவைத்துவிடுகிறார்கள். 1927 சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கீழே இறங்கினால் ஊற்றுக்கண். சுமார் 80 டிகிரி. பக்கத்துக் கடையில் வலைப்பையில் முட்டை விற்கிறார்கள். கயிற்றைக் கட்டி ஊற்றில் தொங்கவிட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கேஸ் செலவு பூஜ்யம்.

இந்த அழகான ஊர் ஒரு தடவை அடியோடு சாம்பலானது. 1925 மே 23, காலை 11 மணி சுமாருக்குப் பூகம்பம். மத்தியானச் சமையலுக்கு அடுப்பு எரிகிற நேரம். மர வீடுகள். தீ ஊரையே விழுங்கியது. அந்த வட்டாரத்தில் 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் பக்கத்தில் கெம்புடோ குகையில் சரிந்து விழுந்த எரிமலைக் கற்களைக் கொண்டுவந்து ஆற்றுக்குக் கரை கட்டினார்கள். இன்றைக்கு நாம் பூப் பார்க்கச் சாய்ந்து நிற்கிற கரை அதுதான். (அதே குகைப் பாறையை 1926-ல் சோதித்த மட்சுயாமா என்ற விஞ்ஞானி, ஒரு காலத்தில் பூமியின் காந்த வடக்கு தெற்காக இருந்தது என்று சொன்னார். உலகம் அப்புறம்தான் நம்பியது.)

சாம்பலிலிருந்து ஊர் எழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் சொந்தக் குளியல் விவகாரம் முளைத்தது. விடுதிக்காரர் கட்சி, 'என் நிலம், என் தண்ணீர்.' ஊர் கட்சி, 'தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆளாளுக்குத் தோண்டினால் ஊற்று தாங்குமா? விருந்தாளிகள் உள்ளேயே கிடந்தால் தெருவில் கடை வைத்திருப்பவன் என்ன சாப்பிடுவான்?'

இரண்டும் நியாயம்தானே! 1950-ல் ஒப்புக்கொண்டது இது: வெந்நீர் ஊரின் பொதுச் சொத்து. விடுதிகள் உள்ளே குளியலறை வைக்கலாம். ஆனால் சின்னதாக, அளவோடு. 1972-லிருந்து எல்லா ஊற்றுத் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே இடத்திலிருந்து குழாயில் பங்கிடுகிறார்கள். ஒக்காமி 'எங்கள் குளியலறை சின்னது' என்றாரே, அது வசதிக் குறைவு இல்லை, ஸார். ஒப்பந்தம்!

இதன் லாபம் தெரிய வேண்டுமானால் சாப்பாட்டுக்கு அப்புறம் தெருவில் நிற்க வேண்டும். டக், டக், டக் என்று நூற்றுக்கணக்கான மரச்செருப்புச் சத்தம். ஐஸ்கிரீம் கடையில் கூட்டம். பாலத்தில் போட்டோ. துப்பாக்கியால் பொம்மை சுடுகிற பழைய விளையாட்டுக் கடையில் தாத்தாக்கள் பேரனைவிட மும்முரம். பெரிய பெரிய ஓட்டல்கள் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால் தெரு செத்துப்போன வெந்நீர் ஊர்கள் ஜப்பானில் உண்டு. இங்கே தெருவுக்கு உயிர் இருக்கிறது.

இப்போது நாரை. கோ-நோ-யு என்ற குளியலில் அடிபட்ட நாரை ஒன்று கால் நனைத்துக் குணமானதாம், அது கதை. இனி வருவது நிஜம். வயலுக்குப் பூச்சி மருந்து அடித்து அடித்து, 1971-ல் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை இந்த தொயோகா வட்டாரத்தில்தான் செத்தது. அப்புறம் ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளை வரவழைத்து வளர்த்து, 2005-ல் முதல் ஐந்து நாரைகளைப் பறக்கவிட்டார்கள். அவை தின்ன வயலில் தவளையும் மீனும் வேண்டுமே! விவசாயிகள் மருந்தைக் குறைத்தார்கள். இன்று அந்த அரிசியே நாரை பெயரில் விற்கிறது. திரும்பும் ரயிலின் ஜன்னல் வழியாக ஒரு நாரையைப் பார்த்தேன். யார் வயல் என்று பட்டா பார்க்காமல் மேய்ந்துகொண்டிருந்தது.

காலேஜில் 'போட்டி'க்கு ஒரு பேப்பர் வைத்தார்கள். 'ஒப்பந்தம்' என்றும் ஒரு பேப்பர் இருந்தது. ஆனால் ஒவ்வொருத்தரும் தன் தொட்டியைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டினால் ஊர் பெரிதாகும் என்று எந்தப் பேப்பரிலும் எழுதியிருக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கே 23 வருஷம் பிடித்தது. சண்டை போட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள் என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. அவர்கள் மகான்கள் இல்லை, நம்மைப்போல விவரமான ஆசாமிகள்தான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூ வேண்டுமானால் ஏப்ரல் தொடக்கம், நண்டு வேண்டுமானால் நவம்பர் முதல் மார்ச். மேனேஜரோடு மட்டும் போகாதீர்கள். தலையில் துண்டோடு ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் திங்கள்கிழமை மீட்டிங்கில் சிரிப்பை அடக்குவது ரொம்பக் கஷ்டம்!